ஏழு ஆண்டுகளில் 19,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார்: சர்வீஸை இப்போதே செய்ய வேண்டுமா, தூரம் வரும்வரை காத்திருக்கலாமா?

புதுச்சாவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பழைய கார் ஒன்றை வாங்கினேன். தயாராகி ஏழு ஆண்டுகள் ஆன, பெட்ரோலில் ஓடும், மேனுவல் கியர் கொண்ட சிறிய ஹேட்ச்பேக். ஓடோமீட்டரில் 19,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் புதிதாக வாங்கி, அருகிலுள்ள கடைக்கும் மருத்துவரிடம் போய்வரவும் மட்டுமே ஓட்டிய வண்டி. அவரிடமிருந்தே நேரடியாக வாங்கினேன் என்பதால் இடையில் வேறு கை எதுவும் படவில்லை.

சர்வீஸ் புத்தகத்தில் முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒழுங்காக முத்திரை இருக்கிறது. கடைசி முத்திரை 17,000 கிலோமீட்டரில் விழுந்திருக்கிறது. அதன் தேதியைப் பார்த்தால் இன்றோடு 26 மாதங்கள் ஆகின்றன. உரிமையாளர் கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதங்கள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். விற்றவரோ, "வண்டி ஓடவே இல்லையே, உள்ளே இருப்பது புது ஆயில் மாதிரிதான்" என்றார். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் தேன் நிறத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. டேஷ்போர்டும் அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 8,000 கிலோமீட்டர் இருப்பதாகவே சொல்கிறது. வண்டியோடு பழகிய உறவினர் ஒருவரைக் கேட்டபோது, நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்றார்.

என் கேள்வி இரண்டு. அந்த 12 மாதக் கணக்குக்கு உண்மையிலேயே காரணம் உண்டா, அல்லது பணிமனைக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக எழுதியதா? காரணம் உண்டென்றால், இந்த வண்டியில் எதை மாற்றுவது, எதோடு நிறுத்துவது? ஒன்றைத் தொட்டால் அடுத்தது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகுமோ என்பதே என் அச்சம்.

கிரீஸ் கை எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகள் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் பார்க்க வேண்டியது 19,000 என்ற எண்ணை அல்ல, அது எப்படிச் சேர்ந்தது என்பதை. கடைசி முத்திரைக்குப் பிறகு 26 மாதங்களில் 2,000 கிலோமீட்டர் என்கிறீர்கள். ஒரு வாரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர்கூட வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தால், ஒரு தடவை ஓடியது நான்கரை கிலோமீட்டர்தான். பெரும்பாலான கையேடுகளில் பின்பக்கமாக "கடினப் பயன்பாடு" என்றொரு அட்டவணை இருக்கும். மலைப்பாதை, புழுதி, இழுவை ஆகியவற்றோடு, எட்டு கிலோமீட்டருக்கும் குறைவான பயணங்களை மீண்டும் மீண்டும் செய்வதையும் அதில் சேர்த்திருப்பார்கள். உங்கள் கையேட்டிலும் தேடிப் பாருங்கள். ஆக, மெதுவாகவும் பத்திரமாகவும் ஓட்டப்பட்ட இந்த வண்டி, என்ஜின் ஆயிலின் கணக்கில் கடினமாக உழைத்த வண்டி.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். காலையில் குழாயின் நுனியில் சொட்டுவது அதுதான். ஆனால் கொஞ்சம் ஆவியும், எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சம்ப் என்னும் ஆயில் தொட்டியில் இருக்கும் ஆயிலில் கலக்கின்றன. நீண்ட பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடேறி இரண்டையும் ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். குறுகிய பயணத்தில் அது நடப்பதில்லை. வெப்பமானி முள் சில நிமிடங்களில் நடுவுக்கு வந்துவிடுவதைப் பார்த்து என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைத்தான், ஆயில் அந்த நிலைக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் கடை வந்துவிடுகிறது. இப்படித் தங்கிய ஈரம் அமிலமாகத் திரும்புகிறது. அந்த அமிலத்தை முறிக்கவென்று ஆயிலில் சேர்த்திருக்கும் காரப் பொருள், வண்டி ஓடிய தூரத்தைப் பாராமல் கரைந்துகொண்டே வருகிறது.

நிறத்தை நம்ப வேண்டாம். ஒருமுறை ஆறு ஆண்டுகளில் 11,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு காரில், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் பொன்னிறமாகத்தான் இருந்தது. போல்ட் விலகியதும் முதலில் ஆயில் வரவில்லை. ஒரு மேசைக்கரண்டி அளவு கலங்கிய தண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால்தான் ஆயில் வந்தது. தண்ணீர் ஆயிலைவிட எடை மிகுந்தது என்பதால் சம்பின் அடியில் படிந்து கிடந்திருக்கிறது. டிப் ஸ்டிக் அதுவரை எட்டுவதே இல்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஆறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் அது ஆயிலும் ஈரமும் சேர்ந்த கலவை. உடனே பதற வேண்டாம். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்ன குறுகிய பயணம். மற்றொன்று, என்ஜினின் மேல்பகுதிக்கு அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகிக் கூலன்ட் உள்ளே கசிவது. கூலன்ட் கலத்தின் அளவைக் குளிர்ந்த நிலையில் குறித்துவைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு அப்படியே இருந்து, வண்டி சூடேறிய பிறகும் தொடர்கிற வெண்புகையும் இல்லை என்றால் முதல் காரணமே என்று கொள்ளலாம். கூடவே டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலும், ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலும், பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது என்று பொருள்.

எப்படியிருந்தாலும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அடுத்ததாக பிரேக் ஆயில். தூரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. புதிய டாட் 4 வகை குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 விழுக்காடு ஈரம் சேர்ந்த நிலையில் அதே வகைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது இந்த வேறுபாடு காலுக்குத் தெரியும்: ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பல நிறுவனங்கள் சொல்வது இதற்காகவே. புத்தகத்தில் பிரேக் ஆயில் மாற்றியதற்கான குறிப்பு இருக்கிறதா?

கடைசியாக, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்க உங்கள் என்ஜினில் இருப்பது டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டா? விடை பெல்ட் என்றால் நாம் பேசவேண்டியது இன்னும் இருக்கிறது.

மெதுவோட்டி எழுதியது:

மேலே எழுதிய நண்பர் சொன்ன இரண்டு ஆயில்களிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட "எதோடு நிறுத்துவது" என்ற கேள்வியும் முக்கியமானது. நான் பத்து ஆண்டுகளாக ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவன். பழைய வண்டி என்று சொன்னவுடன் திரவம் என்று பெயருள்ள அனைத்தையும் வடித்து, ஃபில்டர் என்று பெயருள்ள அனைத்தையும் கழற்றி எறியச் சொல்வோரைக் கண்டு சலித்தவன்.

எனவே தொடத் தேவையில்லாதவற்றைச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்குகள் ஓடிய அளவுக்குத்தான் தேயும். இரிடியம் வகை என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வைத்துக்கொள்ளும்படி பல கையேடுகள் சொல்கின்றன. 19,000 கிலோமீட்டரில் அவற்றை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். மேனுவல் கியர் பெட்டியின் ஆயிலில் எரிபொருளும் கரியும் கலப்பதில்லை. கசிவு இருக்கிறதா என்று அடியில் பார்த்தால் போதும். என்ஜின் ஃப்ளஷ் என்று ஒரு டப்பாவை ஊற்றச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளே உண்மையிலேயே கசடு படிந்திருந்தால், அதை ஒரேயடியாகப் பெயர்த்தெடுப்பது ஆயில் உறிஞ்சும் சல்லடையில் கொண்டுபோய் அடைத்துவிடும். நல்ல ஆயிலை ஊற்றி ஓட்டி, வழக்கத்தைவிடச் சீக்கிரம், ஆறு மாதத்திலேயே இன்னொரு முறை மாற்றுவது அதைவிடப் பாதுகாப்பான சுத்தம்.

ஏர் ஃபில்டரை மாற்றும் முன் திறந்து பாருங்கள். இது தூசிக்காக அல்ல. என் வண்டி ஒருமுறை ஐந்து வாரம் அசையாமல் நின்றபின் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், ஃபில்டர் தாளின் மேல் பானெட் உறையின் பஞ்சைக் கிழித்து வட்டமாக அடுக்கி எலி ஒன்று குடித்தனம் நடத்தியிருந்தது. அங்கே பஞ்சோ புழுக்கையோ கண்டால் உடனே பக்கத்து ஒயர்களின் உறையையும் விரல்விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். எந்தச் சர்வீஸ் அட்டவணையிலும் எலிக்கு இடமில்லை. நின்றே கிடந்த வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிரேக் டிஸ்க்கில் துரு தெரிந்தால் அதையும் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் படியும் செம்மை நிறம் நாலைந்து முறை பிரேக் போட்டதும் அழிந்துவிடும். குழி குழியாக அரித்திருந்தாலோ, பேட் படாமல் ஒரு வளையம் மட்டும் துருவாக நின்றாலோ, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கக் கூடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: இருபது நிமிடம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே, தொடாமல், கையை நீட்டிப் பாருங்கள். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டயரை மறக்க வேண்டாம். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அதன் பிறந்த தேதி. 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாத வண்டியின் டயரில் பள்ளம் ஆழமாகவே இருக்கும். ரப்பர் மூப்படைவதை அந்த ஆழம் காட்டாது.

புதுச்சாவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் மெல்லிய பசை இருக்கிறது, விரலில் வழித்தால் வெளிறிய பழுப்பு நிறம். கூலன்ட் மட்டத்தைப் பேனாவால் குறித்துவைத்துப் பதினைந்து நாளாகிறது, குறையவில்லை. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இலேசாகத்தான் வருகிறது. பிரேக் ஆயில் மாற்றிய குறிப்பு புத்தகத்தில் எங்குமே இல்லை, அதாவது ஏழு ஆண்டுகளும் அதே ஆயில். டயர்கள் ஸ்டெப்னி உட்பட ஐந்துமே வண்டியோடு வந்தவை என்று எண்கள் சொல்கின்றன; முன் டயர்களின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. எலி நல்ல வேளையாக இல்லை.

டைமிங் பெல்ட்தான். கையேட்டில் "90,000 கிலோமீட்டர் அல்லது 6 ஆண்டுகள்" என்று இருக்கிறது. மெக்கானிக் ஒருவர் மேல் மூடியை மட்டும் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பெல்ட்டில் வெடிப்பே இல்லை, இன்னும் ஐம்பதாயிரம் ஓடும் என்றார். இதுதான் இருப்பதிலேயே செலவு பிடிக்கும் வேலை என்பதால் அவர் சொன்னதை நம்பவே மனம் விரும்புகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யக் கையில் வசதி இல்லை. எதை முதலில் செய்வது?

கிரீஸ் கை எழுதியது:

டார்ச் அடித்துப் பார்த்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்காலத்து பெல்ட்டுகள் அறுவதற்கு முன் முதுகில் வெடிப்பு காட்டிக் கொடுத்தன. இப்போதைய ரப்பர் கலவைகள் பெரும்பாலும் கடைசி வரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளிருக்கும் இழைகள் தளர்வதும், பல்லின் அடிப்பகுதியில் விரிசல் விழுவதும் மேலேயிருந்து தெரியாது. போதாததற்கு, கிராங்க் சீல் கசிந்து ஆயில் படிகிறதா என்பதும் கீழ் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். ஆயில் பட்ட பெல்ட்டின் ஆயுள் மிகச் சுருங்கிவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் கிரீஸும் ஆண்டுக்கணக்கில் காய்கிறது.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பது என்ஜினின் அமைப்பைப் பொறுத்தது. சில என்ஜின்களில் வண்டி நின்றுபோவதோடு சரி. ஆனால் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகளில், அந்த முறையைக் காப்பதே பெல்ட்தான். அது போனால் திறந்து நிற்கும் வால்வுகளை மேலேறி வரும் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். உங்கள் என்ஜின் எந்த வகை என்பதை மெக்கானிக்கிடம் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால், கையேட்டின் ஆறு ஆண்டைத் தாண்டி ஓராண்டு ஆகிவிட்டதால், பெல்ட்டைத் தள்ளிப்போட நான் துணைநிற்க மாட்டேன். மாற்றும்போது டென்ஷனரையும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரையும் சேர்த்தே மாற்றுங்கள். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் சுழல்வதாக இருந்தால் அதையும். கூலன்ட் அப்போது எப்படியும் வடியும் என்பதால் அதற்கென்று தனியாக ஒரு வேலை வைக்க வேண்டியதில்லை. கையேடு குறிப்பிடும் வகையையே ஊற்றுங்கள், நிறம் ஒத்துப்போகிறதே என்று வேறொன்றைக் கலக்க வேண்டாம்.

மெதுவோட்டி எழுதியது:

சிக்கனம் பேசியவன் நான்தான், ஆனாலும் இந்த இடத்தில் கிரீஸ் கை அவர்களின் பக்கமே நிற்கிறேன். வரிசையை மட்டும் நான் சற்று மாற்றுவேன். என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் இரண்டும் செலவு குறைந்தவை, இந்த வாரம். அடுத்தது பெல்ட்டா டயரா என்றால், நீங்கள் ஊருக்குள் மட்டும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பெல்ட். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகத் திட்டம் இருந்தால் டயர். பெல்ட் அறுந்தால் செலவு என்ஜினோடு நிற்கும், வேகத்தில் டயர் வெடித்தால் அப்படி நிற்காது. ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் டயரைப் பரிசோதிக்கவும், பள்ளம் எவ்வளவு மீதமிருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டாதிருக்கவும் சில டயர் நிறுவனங்களே சொல்கின்றன. உங்களுடையதில் ஏற்கெனவே வெடிப்பு தெரிகிறது என்பதால் பத்தாவது ஆண்டுக்குக் காத்திருக்கும் பேச்சே இல்லை. முன்னிரண்டையும் பின்னிரண்டையும் இரு தவணையாக மாற்றுவதானால் புதிய இரண்டைப் பின்பக்கம் போடுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் மீட்பது கடினம். அப்போது வெடிப்புள்ள முன் டயர்கள் ஓட்டத்தில் இருக்கக் கூடாது: பின்னால் இருந்தவை நல்ல நிலையில் இருந்தால் அவற்றை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான்காம் கியர் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், யாரும் பேட்டரியைச் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தை நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரால் முழுவதும் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. பாதி நிரம்பிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, அதன் கொள்ளளவு சுருங்குகிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அருகே இருந்தால் முழுமை, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2க்குக் கீழே என்றால் சார்ஜரில் போட வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வண்டியை ஓட்டாத நாட்களில், பேட்டரி இறங்கிவிடும் என்று நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பவர்கள் பலர். அது பேட்டரிக்கும் போதாது, ஆயிலில் ஈரத்தையும் பெட்ரோலையும்தான் கூட்டும். அதற்குப் பதிலாகப் பத்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது தடையில்லாத சாலையில், ஏசியையும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஏசி கம்ப்ரஸரின் சீல்களுக்கு எண்ணெய் போய்ச் சேருவதும் அப்போதுதான்.

புதுச்சாவி எழுதியது:

நேற்று இரண்டு ஆயில்களும் மாற்றியாயிற்று. போல்ட்டைக் கழற்றும்போது அருகிலேயே நின்றேன். தண்ணீர் வரவில்லை, ஆனால் ஆயில் எதிர்பார்த்ததைவிட நீர்த்து, சட்டென்று ஓடியது. பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் வந்தது. மாற்றியபின் பெடல் முன்பைவிட மேலேயே நிற்கிறது. பேட்டரி 12.3 காட்டியதால் ஓரிரவு சார்ஜரில் போட்டேன். என்ஜின் வால்வு இடிக்கும் வகைதான் என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார், எனவே பெல்ட் வேலையை அடுத்த மாதத்துக்கு முடிவு செய்துவிட்டேன். வெளியூர்ப் பயணத்தை டயர் மாற்றும்வரை ஒத்திவைத்திருக்கிறோம்.

ஆயில் மாற்றிய இடத்தில் கதவோரம் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அதில் "அடுத்த சர்வீஸ்: 29,000 கிலோமீட்டர்" என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய உரிமையாளர் கடைசி 26 மாதங்களில் ஓட்டிய வேகத்தில் அது வருவதற்கு ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஆகும். வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணை அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை எழுதிவைத்தேன்.